சிட்டு முதலில் தனியாக ஓடட்டும்

அன்புள்ள தேன்மொழிக்கு,

சிட்டுவின் படம் பார்த்தோம். ஐந்து மாத பீகிள் நாய்க்குட்டிக்கு நெஞ்சு நல்ல அகலம். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆறு பீகிள்களோடு வரும் சனிக்கிழமை முயல் விரட்ட அவளையும் அவிழ்த்துவிடச் சொல்கிறார், கூட்டத்தோடு ஓடினால் தானாகப் பழகிவிடும் என்கிறார், கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ போய் வா. சிட்டு வேண்டாம். இன்னும் ஆறேழு மாதத்துக்கு வேண்டாம்.

பீகிள் வளர்ப்பவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் ஒவ்வொருவரும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வர்ஜீனியாவில் ஆல்டி என்ற ஊரில் நேஷனல் பீகிள் கிளப்பின் பண்ணை இருக்கிறது. அங்கே வரும் பெரிய நாய்க் கூட்டங்களில் இளம் நாய்கள் மூத்த நாய்களோடு ஓடித்தான் பழகுகின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த முறை அது. நாய்களை ஜோடிக் கணக்கில்தான் எண்ணுவார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தைக் கொம்பூதி நடத்த ஒரு ஆள் இருப்பார். தடம் தவறும் நாயை அதட்டித் திருப்ப இரண்டு பக்கமும் இன்னும் சிலர் கூடவே ஓடுவார்கள். உங்கள் கென்டக்கியில் இருப்பது ஒரே மனிதர், ஆறு நாய், இடுப்பளவு முள்புதர். உள்ளே குட்டி என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியவே வழியில்லை.

இன்னொன்று. நம்மூர்க் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள். வேகம்தான் அவற்றின் சொத்து. (வனவிலங்குச் சட்டப்படி இந்தியாவில் முயல் வேட்டை இன்று குற்றம், அது வேறு.) பீகிளுக்கு வேகமே தேவையில்லை. இங்குள்ள காட்டன்டெயில் வகை முயல் தான் வாழும் சில ஏக்கரை விட்டுப் போக மனமில்லாமல், கிளம்பிய இடத்துக்கே வட்டமாகத் திரும்பி வரும். நாய் அந்தத் தடத்தை விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே வந்தால் போதும், முயல் தானாகத் துப்பாக்கிக்கு எதிரே வந்து நிற்கும். ஆக, சிட்டுவுக்கு வேண்டியது மூக்கும் பொறுமையும். அந்த இரண்டும் கூட்டத்தில் வளராது.

முதல் இரண்டு வாரம் முயல் பக்கமே போகாதே. கழுத்துப்பட்டைக்குப் பழகுவது, வண்டியில் கூண்டுக்குள் அமைதியாக இருப்பது, விசில் கேட்டால் வருவது, இவ்வளவுதான். ஒவ்வொரு வேளையும் விசில் ஊதிவிட்டுத் தட்டை வை. அப்புறம் 30 அடிக் கயிற்றில் கட்டி வயலோரம் கூட்டிப் போ. தடத்தில் தலை கவிழ்ந்துவிட்ட பீகிளுக்கு எந்த விசிலும் காதில் ஏறாது, அதையும் தெரிந்துகொள். அப்போது பின்னால் துரத்தினால் அவளுக்கு அது விளையாட்டு. அவள் வந்துகொண்டிருக்கும் தடத்துக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்று, கடக்கும்போது பட்டையைப் பிடி.

முயலுக்காகக் காடெல்லாம் அலைய வேண்டாம். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, வெட்டிய புல்லும் புதரும் சேரும் ஓரத்தில், குளோவர் என்ற மூவிலைச் செடி முளைத்த இடமாகப் பார்த்து நில். முயல் மேய வரும். முதல் இரண்டு மூன்று தடவை சிட்டு அதைக் கண்ணால் பார்த்து விரட்டட்டும், ஆசை பிறக்கும். அதற்கு மேல் காட்டாதே. காட்டிக்கொண்டே இருந்தால் தலையைத் தூக்கி முயல் எங்கே என்று தேடுகிற நாயாகிவிடும். முயலை நீ மட்டும் பார். அது எந்தப் புல்லைத் தாண்டிப் புதருக்குள் போனது என்று கண்ணால் குறித்துக்கொண்டு, ஒரு நிமிடம் பொறு. பிறகு அந்த இடத்துக்குப் பத்தடி பின்னால், முயல் போன திசையையே பார்க்கும்படி அவளை இறக்கிவிட்டு, ‘தேடு’ என்று ஒரு சொல் சொல். நாளுக்கு ஒரு சொல் மாற்றாதே. முதல் நாள் பத்து கஜம் போய்விட்டு உன்னிடம் திரும்பி வருவாள். அடுத்த வாரம் ஐம்பது கஜம். வாய் திறக்க இன்னும் சில வாரம் ஆகலாம். எட்டு மாதம் வரை சத்தமே போடாமல் ஓடிவிட்டுப் பிறகு நல்ல குரல் எடுக்கும் குட்டிகள் உண்டு.

வேலி போட்ட பயிற்சிப் பட்டி பக்கத்தில் கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு தடவை பயன்படுத்திக்கொள். அதற்கு மேல் கெடுதல். பட்டியில் முயல் நெருக்கம்; ஒரு தடம் அறுந்தால் பத்தடியில் இன்னொரு முயல் எழும். குட்டி அறுந்த தடத்தைத் தேடாமல் புது முயலுக்குத் தாவப் பழகும்.

வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி. இன்னும் ஓட வேண்டும் என்று அவள் துள்ளும்போதே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடு. இந்த மாதம் வெயில் இன்னும் குறையவில்லை, அதனால் இப்போதைக்கு மாலைக்குப் பதில் விடிந்தவுடன் பனித்துளி காய்வதற்குள் முடித்துக்கொள். ஈரத் தரையில் மோப்பம் தங்கும். காய்ந்த தரையிலும் வறட்டுக் காற்றிலும் கிழட்டு நாய்க்கே திணறும், குட்டியை அதில் விட்டு மனசை உடைக்காதே. 75 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அவிழ்க்கவே வேண்டாம். வயிறு நிறையச் சாப்பாடு ஓடி முடித்து ஆறிய பிறகுதான். பொது நிலம் என்றால் சீசன் இல்லாத நாளில் நாயைப் பழக்குவதற்கு அந்த இடத்து விதி என்ன என்று முதலில் பார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தடம் அறுந்து நாய் திகைத்து நிற்பதை இங்கே ‘செக்’ என்கிறார்கள். ஒரு பீகிள் தேறுவதும் தேறாததும் செக்கில்தான் தெரியும். முயல் ஓடிய வழியிலேயே சிறிது தூரம் திரும்பி வந்து, சட்டென்று பக்கவாட்டில் ஒரு தாவு தாவிப் புல்லுக்குள் பதுங்கிவிடும். அல்லது சரளைக்கல் பாதையில் ஏறி நாற்பது கஜம் ஓடும், கல்லில் மோப்பம் ஒட்டாது. நாய் வந்த வேகத்தில் அந்தத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விடும். தாண்டியது தெரிந்ததும் நல்ல நாய் செய்வது: வாயை மூடிக்கொள்ளும், கடைசியாக மோப்பம் இருந்த இடத்துக்குத் திரும்பும், அங்கிருந்து மூன்றடியில் ஒரு வட்டம், பிறகு ஆறடி, பிறகு பதினைந்து. கிடைத்ததும் ஒரு குரல். அந்த நேரத்தில் உன் வேலை மரம்போல் நிற்பது. முயல் போன வழி உனக்குத் தெரிந்திருந்தாலும் காட்டாதே. இரண்டு தடவை காட்டிவிட்டால் மூன்றாம் தடவை செக் வந்ததும் மூக்கைத் தூக்கி உன் முகத்தைப் பார்ப்பாள். பத்து நிமிடம் கொடு. கிடைக்கவில்லையா, கிரவுண்ட்ஹாக் என்ற பெரிய கொறிக்கும் பிராணி தோண்டிய வளைக்குள் முயல் போயிருக்கலாம். கூப்பிட்டுக்கொண்டு வேறு இடம் போ.

வெண்பனி விழுந்த மறுநாள் காலை எக்காரணத்துக்காகவும் வீட்டில் இருக்காதே. உங்கள் பக்கம் ஆண்டுக்குச் சில நாள்தான் அது தங்கும், ஆனால் நாய் உள்ளே என்ன செய்தது என்பதை எழுதிவைத்துக் காட்டும். முயல் தாவும்போது முன்கால் இரண்டும் சின்னதாக ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும், பெரிய பின்கால் இரண்டும் அவற்றைத் தாண்டி முன்னால் விழும். பெரிய சுவடு இருக்கும் பக்கம்தான் முயல் போன பக்கம். நிறையப் பேர் தலைகீழாகப் படிக்கிறார்கள். சிட்டுவின் சுவடு முயல் சுவட்டின் மேலேயே, ஒரு முழத்துக்குள், போகிறதா பார். திருப்பத்தில் எவ்வளவு தாண்டினாள், எங்கே திரும்பினாள், வட்டம் போட்டாளா, கண்ட பக்கம் ஓடினாளா, எல்லாம் தரையில் இருக்கும். முயல் வந்த வழியே பின்னோக்கிக் குரைத்துக்கொண்டு போயிருந்தால் அதுவும் தெரியும். குட்டியாக இருக்கும்போது அது சகஜம். அதட்டாமல் தூக்கி வந்து சரியான திசையில் விடு. எட்டு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தால்தான் கவலை.

இதே செக்கை ஆறு நாய்க் கூட்டத்தில் நினைத்துப் பார். தடம் அறுந்ததும் முன்னால் போன அனுபவசாலி ஒன்று அரை நிமிடத்தில் எடுத்துவிடும். குட்டி என்ன செய்யும்? நின்று காது கொடுக்கும், குரல் வந்த பக்கம் ஓடும், போய்ச் சேர்ந்து அதுவும் குரைக்கும். ஆறு வாரம் இப்படி ஓடினால் பார்ப்பவருக்கு அருமையான குட்டி. தனியாக அவிழ்த்துவிட்டால் புதரோரம் நின்று வாலாட்டும். அதன் மூக்குக்கு ஒரு நாளும் வேலை வந்ததே இல்லை.

மற்ற கோளாறுகளும் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வரும் குட்டி முயல் மோப்பமே இல்லாமல் நாய்களின் வாடையிலும் ஆவேசத்திலும் குரைக்கும். பிறகு அது வெறும் புல்லைப் பார்த்தும் குரைக்கும் வாயாடியாகும். இந்தக் கோளாறு வந்தால் போகாது. முந்த வேண்டுமென்ற போட்டியில் தடத்தை விட்டுக் குறுக்கே பாய்ந்து முன்னால் போய் நிற்கப் பழகும். வேகமான கூட்டமென்றால் தன் மூக்குக்கு மீறிய வேகத்தில் ஓடி எல்லாத் திருப்பத்தையும் தாண்டும். கால் நீளம் எவ்வளவு, வம்சம் எந்த வகை என்பதும் இதில் சேரும். பந்தயத்தில் இரண்டிரண்டாக ஓடவிடுகிற பிரேஸ் வம்சத்தைப் பல பத்தாண்டுகளாக நிதானத்துக்காகவே பெருக்கியதில், சில வரிசைகள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டன. வடக்கே பெரிய ஸ்னோஷூ முயல் மேல் கூட்டமாக ஓடும் வம்சம் இதற்கு நேர் எதிர். சிட்டுவின் தாய் தகப்பன் எந்த வகை என்று கொடுத்தவரிடம் கேட்டு வை.

தனியாகப் பழக்குவதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் பிடிக்கும். இன்னொரு நாய் முயலைக் கிளப்பிக் குரல் கொடுத்தால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது தனி நாய்க்குத் தெரியாது. அடர்ந்த முள்ளுக்குள் முயலை நிற்கவிடாமல் ஓட்ட மூன்று நான்கு நாய் இருந்தால்தான் முடியும். மோப்பம் மோசமான நாளில் ஒன்று விட்டதை இன்னொன்று எடுக்கும். எட்டு மாதமாகியும் முயல் தடத்தில் ஆசையே வராத குட்டிக்குத் துணை வேண்டியிருக்கும். அதற்கும் ஒரே ஒரு நாய் போதும்: வயதானது, மெதுவானது, சீறாதது, வீணாகக் குரைக்காதது, மான் பின்னால் போகாதது. மூன்று நாள் அதோடு ஓடவிட்டு, நான்காம் நாள் தனியாக விட்டுப் பார். தொடங்கிவிட்டால் துணையை நிறுத்திவிடு.

மான் விஷயம் தனி எச்சரிக்கை. முயல் வட்டமடிக்கும், மான் நேர்கோட்டில் போகும். குரல் திரும்பாமல் அரை மைலைத் தாண்டினால் பெரும்பாலும் மான்தான். தனி நாய் என்றால் உடனே தெரியும். கூட்டத்தில் ஒன்று இழுக்க ஆறும் போகும், ரோட்டில் அடிபடும். ஜி.பி.எஸ். காலர் முதல் நாளிலிருந்தே கழுத்தில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் கழுத்தில் மின்னதிர்வு தரும் ஷாக் காலரை வாரக்கணக்கில் சும்மா மாட்டிப் பழக்கிய பிறகு, மானை நீ கண்ணால் பார்த்தால் மட்டும், அவள் உணரும் மிகக் குறைந்த அளவில் அழுத்து. புதருக்குள் இருப்பதை ஊகித்து அழுத்தாதே. அவள் முயல் மேல் இருந்தால் அத்தோடு முயலையே விட்டுவிடுவாள்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு அவசரமில்லை. அவள் தடத்தில் முழு ஆவேசத்தோடு ஓடும்போது நூறு கஜத்துக்கு அப்பால் மாப்பிள்ளை ஒரு சின்ன வெற்று வெடி வைக்கட்டும்; அவள் கண்டுகொள்ளாவிட்டால் அடுத்த வாரம் கொஞ்சம் கிட்டே. சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போய்ப் பழக்குகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

தானாக முயலைக் கிளப்பி, ஒரு முழுச் சுற்று கொண்டுவந்து, நாலு செக்கில் மூன்றைத் தானே தீர்த்தாள் என்றால் துணைக்குத் தயார். முதலில் ஒரே நாய், வேகம் அவளுக்குச் சமமாக. இரண்டு குரலையும் பிரித்துக் கேட்கப் பழகு. முன்னால் போவது மாறி மாறி வர வேண்டும். இரண்டு மாதம் அது சரியாக இருந்தால் மூன்று, நான்கு. கூட்டத்துக்குப் போன பிறகும் நாலு தடவைக்கு ஒரு தடவையாவது தனியாக ஓட்டு. அன்றைக்குத்தான் அவள் எதை மறந்திருக்கிறாள் என்று தெரியும்.

ஓடி வந்ததும் காதுக்குள் புல்விதை, விரலிடுக்கில் முள், உடம்பெல்லாம் உண்ணி பார். வால் நுனி முள்ளில் கிழிந்து ரத்தம் வருவது சகஜம், கழுவிவிட்டால் போதும். முயல் உரிக்கும்போது கையுறை இல்லாமல் தொடாதே. முயல் காய்ச்சல் என்கிற டுலரீமியா கீறல் வழியாக ஏறும். கறியை நன்றாக வேகவை.

சனிக்கிழமை அவரோடு போய்ச் சும்மா நின்று கேள். ஆறு நாயில் செக்கைத் தீர்ப்பது எது, வெறுமனே பின்னால் கத்துவது எது என்று பிரித்துப் பார். முடிந்தால் முன்னணி நாயைப் பத்து நிமிடம் கயிற்றில் கட்டிவைக்கச் சொல், மற்ற ஐந்தும் என்ன ஆகின்றன என்று தெரியும். மனசு கோணாமல் கேள், நல்ல மனிதர் போலிருக்கிறது. அவரிடம் ஒன்பது பத்து வயதுக் கிழட்டு நாய் இருக்கிறதா, தேவைப்பட்டால் பிறகு ஒரு வாரம் இரவல் தருவாரா என்பதையும் அப்படியே விசாரித்து வை.

அன்புடன்,
அப்பா