கேபினட் கதவைக் கழற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் வீட்டுக் கம்ப்யூட்டர் சூடாவது பற்றி உங்கள் இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். கேபினட்டின், அதாவது கம்ப்யூட்டர் பெட்டியின், பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தால் போதும் என்று அதில் இருந்தது. அன்றைக்குச் சூடு குறையும், மறுக்கவில்லை. ஆனால் திருப்பூர் மாதிரி ஊரில் இதைச் செய்தால் சீக்கிரமே பெட்டிக்குள் பஞ்சு மெத்தை விரித்துவிடும். பனியன் கம்பெனிகளும் தையல் யூனிட்டுகளும் வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கிற ஊர் இது. காற்றில் மண் தூசியோடு நூல் இழையும் பறக்கிறது. (திறந்த பெட்டியில் பல்லி குடியேறுவது தனிக் கதை.)

மண் தூசி ஊதினால் போய்விடும். இழை அப்படியில்லை, மாட்டிக்கொள்ளும், பிறகு வருகிற தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் மேலுள்ள ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். இறக்கைகளில் கொஞ்சம் அழுக்குதான் இருக்கும். அதற்குக் கீழே, பிராசஸரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிற ஹீட்சிங்க் தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கிடக்கும். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும். ஃபேன் சுற்றும், சத்தமும் போடும், காற்று மட்டும் தகடுகளுக்குள் போகாது. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். நாம் "சிஸ்டம் ஸ்லோ" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அங்கே மூடியைக்கூடத் திறக்காமல் ஃபார்மட் போடணும், ரேம் கூட்டணும் என்பார்கள். எங்கள் வீட்டுப் பெட்டிக்கும் அப்படித்தான் பில் போட்டார்கள்.

சரி, தூசியும் வரக்கூடாது, சூடும் ஏறக்கூடாது என்றால் என்ன வழி? காற்று எந்த வழியாக உள்ளே வரவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய கேபினட்டுகள் பலவற்றில் பின்னால் ஒரு ஃபேன், உள்ளே இருக்கிற பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு ஃபேன். இரண்டுமே காற்றை வெளியே தள்ளுகிறவை. வெளியே போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டுமே! டிவிடி டிரைவின் ஓரம், யு.எஸ்.பி. துளை, பின்பக்கம் தகடு தொலைந்துபோன இடம் என்று சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழையும், தூசியையும் கூட்டிக்கொண்டு. சூடாகிறதே என்று வெளியே தள்ளும் ஃபேன் இன்னொன்றை மாட்டினால் இந்த உறிஞ்சல் இன்னும் கூடும்.

மாற்றிச் செய்யுங்கள். முன்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டை உள்ளே இழுக்கும்படி மாட்டி, அவற்றுக்கு முன்னால் ஃபில்டர் வையுங்கள். பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். வருகிற காற்று போகிற காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், சந்துகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும். ஃபில்டரும் காற்றைத் தடுக்கும் என்பதால் இரண்டு பக்கமும் ஃபேன் எண்ணிக்கை சமமாக இருந்தால் போதாது. சந்தேகம் வந்தால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திச் சந்துகளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபடுகிறதா, விலகிப் போகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். சோதனைக்கு மட்டும்தான் இது. அந்த அறையில் தினமும் சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை வேண்டாம். புகையின் பிசுக்கில் ஒட்டிய தூசி ஊதினாலும் போகாது.

பெட்டியோடு ஃபில்டர் வரவில்லையென்றால் மெல்லிய நைலான் வலையை வெட்டி ஒட்டலாம். கொசுவலை பஞ்சைப் பிடிக்கும், நுண்ணிய தூசியை விட்டுவிடும். எதுவானாலும் எங்கள் ஊரில் மாதம் ஒருமுறையாவது கழுவி, ஈரம் போகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பெட்டி மறுபடி சந்து வழியாகத்தான் உறிஞ்சும்.

இவ்வளவு செய்தாலும் கொஞ்சம் தூசி சேரத்தான் செய்யும். அப்போது வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்மண் தெரியாத வேகத்தில் சுற்றி பேரிங் கெடும். பஞ்சர் கடைக் காற்று வேண்டவே வேண்டாம். கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்துங்கள். கரண்டைத் துண்டித்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு வண்ண விளக்கு என்று விற்கிற கேபினட்டுகளைப் பற்றி உங்கள் இதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். காற்று எந்த வழியாக உள்ளே போகிறது, ஃபில்டரைக் கழற்றிக் கழுவ முடியுமா என்பதையும் இனி சேர்த்து எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.