பவர் சப்ளை டயோடே ஆன்டெனா சுவிட்ச்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாம் ரேடியோ பற்றிய தங்கள் கட்டுரையில், ஆன்டெனாவை ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் மாற்றிவிட ரிலே அல்லது பின் (PIN) டயோடு, அதாவது ரேடியோ அலைக்குச் சுவிட்சாகும் தனி வகை டயோடு, வேண்டும் என்று இருந்தது. 7 மெகாஹெர்ட்ஸில் அந்த வேலைக்குச் பவர் சப்ளைகளில் போடும் சாதாரண 1என்4007 டயோடே போதும். சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

1000 வோல்ட்டைத் தாங்குவதற்காக அதன் நடுவில் மாசுக் கலப்பு (டோப்பிங்) மிகக் குறைந்த, அகலமான அடுக்கு ஒன்று இருக்கிறது. பின் டயோடின் அமைப்பும் ஏறக்குறைய அதேதான். அங்கே தேங்கிய மின்னூட்டம் வடியச் சில மைக்ரோவிநாடி ஆகும். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றோ 0.14 மைக்ரோவிநாடிதான். அதற்குள் டயோடு அணைய முடியாது; அதனால் டிசி கரன்ட் ஓடும்வரை அலை இரு திசையிலும் அதன் வழியே போகும்.

ரிசீவர் பாதையில், இரு பக்கமும் 100 வோல்ட் தாங்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, நடுவே டயோடை வையுங்கள். ஆனோடுக்கு 12 வோல்ட்டை 1 கிலோஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஹென்றி சோக் (ரேடியோ அலையைத் தடுக்கும் கம்பிச்சுருள்) வழியாகக் கொடுங்கள். கேத்தோடிலிருந்து இன்னொரு சோக் கிரவுண்டுக்கு. 11 மில்லிஆம்பியர் ஓடும். டிரான்ஸ்மிட்டர் பாதைக்கும் இதே அமைப்புதான்; 1 கிலோஓமுக்குப் பதில் 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டு 50 மில்லிஆம்பியர் விடுங்கள். 5 வாட்டில் அலையின் உச்சம் 0.45 ஆம்பியர், ஒவ்வொரு அரைச் சுற்றும் 20 நானோகூலும் மின்னூட்டத்தை இழுக்கும். 1.8 மெகாஹெர்ட்ஸில் அதுவே 79 நானோகூலும் ஆகிவிடும். தேங்கிய மின்னூட்டம் அதற்குக் குறைந்தால் அலை நசுங்கி ஹார்மோனிக்ஸ் (மடங்கு அதிர்வெண் அலைகள்) கிளம்பும்.

பலர் தவறுவது அணைக்கும்போதுதான். கரன்டை நிறுத்தினால் மட்டும் போதாது. 5 வாட்டுக்கு ஆன்டெனா முனையில் 22 வோல்ட் உச்சம் வரும்; சும்மா விட்ட டயோடு அதை ரெக்டிஃபை செய்து ரிசீவருக்குள் தள்ளும். டிரான்ஸ்மிட் நேரத்தில் ஆனோடு பக்கத்தில் 12 வோல்ட் கொடுத்த முனையைக் கிரவுண்டு செய்து, கேத்தோடு பக்கச் சோக்கின் அடிமுனைக்கு 30 வோல்ட் கொடுங்கள். அந்த முனையிலும் கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கட்டாயம். இந்த ரிவர்ஸ் வோல்ட்டேஜில் டயோடின் கெப்பாசிட்டன்ஸும் 10 பிகோஃபாரடுக்குக் கீழே இறங்கும்.

வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குங்கள். யுஎஃப்4007 உருவத்தில் அச்சு அசல் அதேதான், ஆனால் 75 நானோவிநாடிக்குள் அணைந்துவிடும், இதற்கு உதவாது. 1என்4148, ஷாட்கி வகைகளும் அப்படியே. எம்7 என்று அச்சிட்ட சிறிய எஸ்எம்டி டயோடைத் தாராளமாகப் போடலாம். 144 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் அசல் பின் டயோடே வாங்குங்கள். அங்கே 10 பிகோஃபாரட் வெறும் 110 ஓம்தான், அணைத்தாலும் சிக்னல் கசியும்.

இப்படிக்கு,
ஹாம் ரேடியோ ஆர்வலர்,
மதுரை