கண்ணு, அந்த டேப்லெட் வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

பாப்பா தமிழ் படிக்கப் பழக ஒரு டேப்லெட் வாங்கலாமா என்று போனில் அவசரமாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அவசரமாகப் பதில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். உன்னைப் போலவே கேட்கிற அம்மாக்கள் ஓசூர்ப் பக்கம் நிறைய இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். உன் பேரைப் போடவில்லை, கவலைப்படாதே.

வீட்டுக்கே வந்து பேசினாரே ஒரு கம்பெனிக்காரர், அவர் சொன்ன டேப்லெட்டை வாங்காதே. தவணை, மூன்று வருஷப் பாடம், இலவசப் பை என்று நன்றாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் நீ சொன்னதைப் பார்த்தால் அதில் இருப்பது முழுக்க இங்கிலீஷ். உன் பாப்பாவோ ஒன்றாம் வகுப்பு, வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். அவளுக்கு இப்போது வேண்டியது எதுவும் அந்தப் பெட்டிக்குள் இல்லை. வேண்டியதெல்லாம் உன் கையிலிருக்கும் போனிலேயே காசில்லாமல் கிடைக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போகக் கூடாது. இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

ஏன் என்று கேட்பாய். ஏன் என்று கேட்காமல் நீ எதையும் விட்டதில்லை. 2003இல் அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 9 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகள். ஒரு கூட்டத்துக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து கதை படித்தார்கள், பொம்மை காட்டி விளையாடினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டன. வீடியோ பார்த்தவற்றுக்கு ஒன்றும் ஏறவில்லை. சரி, உன் பெண் கைக்குழந்தை இல்லை, ஆறு வயசில் வீடியோவிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்வாள். ஆனால் 2014இல் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பார். இரண்டு வயசுக் குழந்தைகள் வீடியோ காலில் ஆள் பதிலுக்குப் பதில் பேசியபோது புதுச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவில் பிடிக்கவில்லை. ஆக, திரையில் கோளாறு இல்லை. திரும்பப் பேச ஆள் இல்லாததுதான் கோளாறு.

அதனால் பெங்களூரில் இருக்கும் உன் அண்ணனை முதலில் வேலைக்கு எடுத்துக்கொள். ராத்திரி வீடியோ காலில் "சாப்டியா, தூங்கினியா" என்று கேட்டு வைப்பதற்குப் பதிலாக ஒரு சின்னக் கதை படிக்கச் சொல். மாமா படித்தால் பாப்பா சும்மா இருக்க மாட்டாள், நடுவில் நாலு கேள்வி கேட்பாள். அதுதான் வேண்டும்.

இனி எழுத்து. யூடியூபில் "அ அம்மா, ஆ ஆடு" பாட்டு அவளுக்கு ஔ வரை மனப்பாடம் என்றாய். நல்லது, காதுக்குப் பயிற்சி. ஆனால் பாட்டை நிறுத்திவிட்டு நடுவிலிருந்து ஒரு எழுத்தைக் காட்டிக் கேள். பெரும்பாலான பிள்ளைகள் மறுபடி அ-விலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் அந்த எழுத்தைப் பிடிப்பார்கள். ஆத்திசூடி வீடியோக்களும் இப்படித்தான்.

247 எழுத்து என்று மலைக்காதே, வரிசையாகவும் போகாதே. ட, ப, ம மூன்றும் தெரிந்தால் போதும், மேலே ஒரு புள்ளி வைக்கக் காட்டிக்கொடு. படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். ஒரு கால் சேர்த்தால் பாடம், மாடம். முதல் வாரத்திலேயே பிள்ளை தானாக ஒரு சொல்லைப் படித்துவிடுகிறது, அப்புறம் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. நீயும் ராயக்கோட்டையில் என் வகுப்பில் இப்படித்தான் ஆரம்பித்தாய்.

உயிர்மெய்யில்தான் பிள்ளைகள் தடுமாறும். இதற்கு உன் ஊர்ப் பேரையே எடுத்துக்கொள்ளலாம், பஸ் போர்டில் தினமும் கண்ணில் படுகிறது. கெலமங்கலம். முதல் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, க பின்னால் நிற்கிறது. வாயில் வருவதோ க் முதலில், எ அப்புறம். கண் போகிற வரிசை வேறு, நாக்கு போகிற வரிசை வேறு. ஒரே சொல்லில் க இரண்டு இடத்தில் இருக்கிறதே, கவனித்தாயா? முதல் க அழுத்தமாக வருகிறது, ங்-குக்குப் பின்னால் வரும் க மெத்தென்று வருகிறது. தெலுங்கில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே எழுத்து, இடத்தைப் பார்த்துத்தான் ஒலி. கொம்பு எங்கே நிற்கும், க எங்கே மெத்தென்று ஆகும் என்பதை எந்த எழுத்துப் பாட்டும் சொல்லித்தராது. சிலேட்டில் எழுதி, விரலை வைத்து, நீதான் காட்ட வேண்டும்.

இதற்கு நாள் ஆகும். கன்னடப் பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் எழுதியதும் இதைத்தான் காட்டுகிறது: நம் மொழிகளின் உயிர்மெய் எழுத்துகள் முழுசாகப் பிடிபட, இங்கிலீஷின் 26 எழுத்தைப் போல் ஒரு வருஷம் போதாது, இரண்டாம் மூன்றாம் வகுப்பு தாண்டியும் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் ஏபிசிடி முடித்துவிட்டான் என்று உன் மாமியார் சொன்னால் இதைச் சொல்.

அட, மாமியார் என்றதும்தான் முக்கியமானது ஞாபகம் வருகிறது. வீட்டில் தெலுங்கு பேசுவதை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாயே, வேண்டவே வேண்டாம். என் வகுப்பில் பசு படத்தைக் காட்டினால் நீ தெலுங்கில் "ஆவு" என்பாய். தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆவு தெரிந்த பிள்ளைக்கு அதோடு பசு என்ற இன்னொரு பேரை ஒட்டவைப்பது எளிது. பாலும் கன்றும் கொம்பும் அதன் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, பேர் மட்டும்தான் புதுசு.

பிள்ளைகளுக்குப் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்துக்குப் போ. படக்கதைகள் நிலை வாரியாக இருக்கும். நிலை 1 என்றால் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். பல கதைகள் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே படங்களோடு கிடைக்கும். உன் மாமியார் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அவர் சாயங்காலம் தெலுங்கில் படிக்கட்டும். கதை புரிந்துவிடும். ராத்திரி அதே கதையை நீ தமிழில் படி. அப்போது பாப்பா கதையைத் துரத்த வேண்டியதில்லை, எழுத்தை மட்டும் பார்த்தால் போதும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே பிடிஎஃப் இறக்கி அச்செடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. உங்கள் பக்கம் சிக்னல் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வரும்போது நாலைந்து கதையை இறக்கி வைத்துக்கொள்.

இன்னொன்று, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கும் மழலைக் கல்வி என்ற பாடம். பாட்டு, கதை, உரையாடல், எழுத்து எல்லாம் இருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் பழசாகத் தெரியும். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியபோதே வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனசில் வைத்துத்தான் தொடங்கினார்கள். வீட்டுக்கு வெளியே தமிழ் காதில் விழாத பிள்ளைகள். கெலமங்கலத்துத் தெலுங்கு வீட்டுக்கும் சிங்கப்பூர் வீட்டுக்கும் இந்த விஷயத்தில் பெரிய தூரம் இல்லை. சென்னைப் பிள்ளைக்கு எழுதிய பாடத்தைவிட இது உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கூகுளின் ரீட் அலாங் செயலி பற்றிக் கேட்டாய். 2019இல் போலோ என்ற பேரில் வந்தது, அப்புறம் பேர் மாறித் தமிழும் சேர்ந்தது. பிள்ளை சத்தமாகப் படித்தால் செயலி கேட்டுக்கொள்ளும், திக்கினால் சொல்லிக் கொடுக்கும். நல்ல யோசனைதான், எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு. அதற்கு முன்னால் கொடுத்தால் பிள்ளைகள் சொல்லைத் தொட்டுத் தொட்டு ஒலியை மட்டும் கேட்டுவிட்டு நட்சத்திரம் சேர்க்கப் பழகிவிடும். நம் ஊர்ப் பேச்சு வாகில் ஒரு சொல்லைச் சொல்லி, மெஷின் அதை ஏற்காமல் போனால், "நீ சரியாத்தான் சொன்னே" என்று சொல்ல நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாட்டு பிடித்த வீடு உங்களுடையது. பாடுகிற வரி திரையில் அப்படியே எழுத்தாக ஓடும் வீடியோக்களைப் போடு. அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி 1996இல் இருந்தே இதற்காகப் பாடுபட்டவர், அவர் தொடங்கிய புக்பாக்ஸ் யூடியூபில் தமிழ்க் கதைகளையும் இப்படி வரிகளோடு தருகிறது. சினிமாப் பாட்டு என்றால் மட்டும் பார்த்து எடு. பாதிப் பேர் தமிழ் வரியை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை.

கதை படிக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். புத்தகத்தில் "குரங்கு மரத்தில் ஏறியது" என்று இருக்கும். பாப்பா பள்ளிக்கூடத்தில் கேட்கும் தமிழில் அது "ஏறுச்சு". அச்சில் இருப்பதை அப்படியே விரல் வைத்துப் படி, உடனே பேச்சில் ஒரு தரம் சொல், சந்தேகமாகப் பார்த்தால் தெலுங்கில் சொல். மூன்றும் சேர்ந்தால் ஒரு பக்கத்துக்கு நேரம் பிடிக்கும்தான். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும்.

பள்ளிக்கூடத்தில் பாப்பா "அரும்பு"-வில் இருக்கிறாள் என்று டீச்சர் சொன்னதற்கு அழுதாயாமே? 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லித்தருகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று டீச்சருக்குத் தெரியத்தான் அது. பாடப் புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை உன் போனில் காட்டிப் பார், தீக்ஷா என்ற அரசுப் பாடத் தளத்தில் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். டீச்சர் எதை நடத்துகிறார் என்று உனக்கும் தெரியும்.

எவ்வளவு தேறியிருக்கிறாள் என்று பார்க்க டெஸ்ட் எதுவும் வாங்காதே. 2005 முதல் கிராமங்களில் வாசிப்பைப் பார்த்துவரும் ஏசர் கணக்கெடுப்பின் தமிழ்த் தாள் இணையத்திலேயே இருக்கிறது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை, அவ்வளவுதான். தீபாவளிக்கு ஒரு தரம், பொங்கல் முடிந்து ஒரு தரம் வைத்துப் பார். வாராவாரம் வைத்து அவள் உயிரை எடுக்காதே.

இங்கிலீஷ் பிற்பாடு வரும், அதற்கு ஓடாதே. ஒரு மொழியில் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளை அடுத்த மொழியில் பாதி வழியிலிருந்து ஆரம்பிக்கும். அதே ஸ்டோரிவீவரில் இங்கிலீஷ் கதையும் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

சின்னவனுக்கு இரண்டு வயசுதானே, அவனைப் போன் பக்கம் விடாதே. 2 முதல் 4 வயசு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது.

கதைகளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும்போது மாமியாருக்கான தெலுங்குப் பிரதியை மட்டும் பெரிசாக எடுக்கச் சொல், அவருக்குக் கண் சரியில்லை என்றாய். கலர் வேண்டாம், பக்கத்துக்கு என்ன வாங்குவார்கள் என்று உனக்கே தெரியும். கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொடு, வண்ணத்தைப் பாப்பாவே அடித்துக்கொள்வாள்.

அன்புடன்,
உன் பழைய டீச்சர்