உடைய வேண்டியது உடையட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய சைக்கிள் சக்கரத்தை வைத்துச் செய்திருக்கிறாயே ஒரு களை வெட்டி, அது ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. கைப்பிடியை ஏற்றி இறக்க வரிசையாகத் துளை போட்டிருப்பதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உன்னைவிடக் குட்டையான ஒருவர் தள்ளினாலும் முதுகு பிடித்துக்கொள்ளாது. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் அந்த மூன்றாவது படம்.

டிராக்டரில் இருந்து, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்குப் போகும் ஷாஃப்டில், அதாவது சுழல் தண்டில், ஷியர் போல்ட் அடிக்கடி அறுந்துபோகிறது என்று, கையில் இருந்த இன்னும் வலுவான 10.9 தர போல்ட்டைப் போட்டு முடுக்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். இனி உடையாது என்றும் எழுதியிருக்கிறாய். தம்பி, இதைப் படித்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடு.

அந்த போல்ட் உடைவதற்கென்றே வைத்தது. கத்தி ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டி நின்றுவிடும். ஆனால் டிராக்டர் எஞ்சின் முழு வேகத்தில் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கு எங்காவது போய் விழுந்தாக வேண்டும். போல்ட் அறுந்தால் ஷாஃப்ட் சும்மா சுற்றும், நீ இறங்கிப் போய் வேறு போல்ட் போட்டுக்கொள்ளலாம். போல்ட் அறுந்துபோகாவிட்டால் அடுத்து பலவீனமாக இருப்பது எதுவோ அது போகும்: ஷாஃப்டின் சிலுவை மூட்டு, இல்லையென்றால் கியர்பாக்ஸுக்குள் ஒரு பல். உடைந்த பல் உள்ளே விழுந்து மற்ற பற்களையும் அரைத்துத் தள்ளிவிடும்.

போல்ட் தலையில் இருக்கும் எண்ணை நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய், அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் தெரிந்துகொள். 8.8 என்றால் முதல் எண்ணை நூறால் பெருக்கு: 800 மெகாபாஸ்கல் (இழுவிசையை அளக்கும் அலகு) இழுவைக்கு மேல் போனால் அறுந்துவிடும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 8, அந்த 800இல் எண்பது சதவீதம், அதாவது 640 வரை தாங்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும் என்று சொல்கிறது. அதே கணக்கில் 10.9 என்பது ஆயிரமும் தொள்ளாயிரமும். நீ கழற்றியது 8.8 என்று எழுதியிருக்கிறாய். கால் பங்குதானே கூடுதல் என்று தோன்றும். அந்தக் கால் பங்கு கியர்பாக்ஸின் கணக்கில் இல்லாத சுமை. கையேட்டில் என்ன தரம், என்ன விட்டம் போட்டிருக்கிறதோ அதையே வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு டிராக்டரிலேயே வைத்துக்கொள்.

இன்னொன்றும் அந்தப் படத்தில் தெரிகிறது. நீ போட்ட போல்ட் நீளம் அதிகம். நட்டைத் தாண்டி இரண்டு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு ஒன்பது தடவை. கால்சட்டையின் ஓரமோ சட்டையின் கை நுனியோ அதில் பட்டால், கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்குள் துணி முழுவதும் சுற்றியிருக்கும், ஆளையும் சேர்த்து இழுத்திருக்கும். ஷாஃப்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறையும் அங்கே காணோம். உறை இல்லாமல் அதை ஓட்டாதே. மண் காயட்டும், நாள் தள்ளிப்போகட்டும், பரவாயில்லை.

சரி, போல்ட் ஏன் அடிக்கடி அறுகிறது? அதற்கும் விடை உன் படத்திலேயே இருக்கிறது. போல்ட் நுழையும் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருக்கிறது. தளர்ந்த துளையில் போல்ட் இறுக்கமாக நிற்காது. ஒவ்வொரு குலுக்கலிலும் துளையின் விளிம்பு அதைச் சுத்தியல் போல அடிக்கும். நல்ல போல்ட்கூட அப்படி அடிவாங்கினால் அறுந்துதான் போகும். துளை உள்ள அந்த முகப்புத் துண்டை மாற்று. முடியாவிட்டால் துளையை வட்டமாகப் பெரிதாக்கி, கடைசலில் ஒரு குழல் செய்து இறுக்கமாக அடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். அதைக் கடைசல் தெரிந்தவர் செய்ய வேண்டும். மரை உள்ள பகுதி, போல்ட் அறுபட வேண்டிய இடத்தில் வராமல், போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதி அங்கே வருகிறதா என்றும் பார்த்துக்கொள்.

எதைச் சரிசெய்ய உட்கார்ந்தாலும், இது அடுத்த தடவை எங்கே உடையும் என்று முதலில் கேட்டுக்கொள். உடைந்தால் மலிவாக, கண்ணுக்குத் தெரியும்படி, யாருக்கும் அடிபடாமல் உடைகிற இடத்தை நீயே தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், கலப்பைச் சட்டத்தில் விரிசல் விட்டிருக்கிறது, மேலோடு மேலாக வெல்டிங் பிடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். மேலாகப் பிடித்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும். விரிசலின் நுனி ஊசி போல் கூர்மையானது, விசையெல்லாம் அங்கேதான் குவிகிறது. அதனால் முதலில் நுனி எங்கே என்று கண்டுபிடி. பெயின்டைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் தடவி ஊற விடு. நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவு. விரிசலுக்குள் போன எண்ணெய் கொஞ்ச நேரத்தில் மேலே கசிந்து, வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோடாகத் தெரியும். வெறுங்கண்ணுக்குத் தெரிந்ததைவிட அந்தக் கோடு நீளமாக இருக்கும். அது முடிகிற இடத்தையும் கொஞ்சம் தாண்டி ஒரு துளை போடு. வட்டமான துளையில் விசை பரவிவிடும், விரிசல் அதைத் தாண்டிப் போகத் தயங்கும். பிறகு மண்ணெண்ணெய் ஈரம் துளியும் இல்லாமல் சுத்தம் செய், விரிசலை வி வடிவத்தில் அரைத்துத் திற, அடிவரை வெல்டிங் நிரப்பு.

மேலே ஒட்டுத் தகடு வைப்பதாக இருந்தால் அதன் முனைகளைச் சதுரமாக வெட்டாதே. சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் ஓடினால் அந்தக் கோட்டிலேயே அடுத்த விரிசல் தொடங்கும். முனைகளைச் சாய்த்துக் கூராக வெட்டி, நீளவாக்கில் பிடி.

வெல்டிங் தொடங்கும் முன் டிராக்டரில் இருந்து கலப்பையைக் கழற்றிவிடு. முடியவில்லை என்றால் பேட்டரி இணைப்பையாவது எடுத்துவிடு. வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கிளாம்பை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கவ்வியை, வெல்டிங் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டு. தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து, உள்ளே உருளைகள் ஓடும் தடத்தில் குழி குழியாகச் சுட்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த பருவத்தில் சத்தம் வரும்போதுதான் தெரியும். கொழுவைத் தாங்கும் ஸ்பிரிங் கம்பிகளில் வெல்டிங்கே வேண்டாம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம், அதாவது அதற்கு ஏற்றிவைத்த உறுதி, போய்விடும், வெல்டிங்குக்கு ஒட்டினாற்போலவே முறியும். வார்ப்பிரும்பும் அப்படித்தான், குளிர்ந்த இரும்பில் நேரடியாகப் பிடித்தால் ஆறும்போதே டிக் என்று விரியும். அதை முன்சூடு காட்டி, நிக்கல் ராடு வைத்துப் பிடித்து, உலர்ந்த சாம்பலில் புதைத்து மெதுவாக ஆற வைப்பார்கள். அந்த மாதிரி வேலை வந்தால் கை பழகியவரிடம் கொடு.

கைவேலைக்கு இடமே இல்லாத இடங்கள் சில இருக்கின்றன. அதிக அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸில் டியூப் சுற்றிக் கட்டக் கூடாது. ஊசித் துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காமல் போகலாம், ஆனால் உடனே அறுவை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைத் தேடக் கையை வைக்காமல் அட்டையைப் பிடித்துப் பார். என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வெட்டாதே. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சை அரைத்து எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தில் வேலை செய். பிரேக், ஜாக், தூக்கி நிறுத்தியதைத் தாங்கும் முட்டு, இவை எதிலும் கட்டுக்கம்பி வேண்டாம்.

பம்ப் தண்ணீர் பிடிக்காமல் அடிக்கடி காற்று வாங்குகிறது என்றாய். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை இருந்தால் ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான சோப்பு நுரையைத் தடவு, நுரை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான் ஓட்டை. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினால் தற்போதைக்கு ஓடும். டீசல், ஆயில் போகும் இடத்தில் மட்டும் அந்த டியூபை கேஸ்கெட்டாக, அதாவது இணைப்புக்கு நடுவே கசிவைத் தடுக்கும் அடைப்பாக, வைக்காதே, ரப்பர் எண்ணெயில் உப்பிக் கூழாகிவிடும். இப்படித் தற்காலிகமாகச் செய்த இடத்தில் எல்லாம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடு. சுற்றும் பாகமாக இருந்தால் துணி கூடாது, சிவப்புப் பெயின்ட் பூசு. இயந்திரத்தை உனக்குப் பிறகு எடுக்கிறவருக்கும் அது தெரிய வேண்டும்.

இப்போது உன் களை வெட்டிக்கு வருகிறேன். அதன் கத்தி சாதாரணத் தகடு என்பதால் முனை மடங்குகிறது, ஈர மண்ணும் அப்பிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறாய். உடைந்த மர அறுவை ரம்பம் ஏதாவது கிடைக்குமா பார். 1837இல் அமெரிக்காவின் இலினாயில் ஜான் டீர் என்ற கொல்லர் செய்ததும் அதைத்தான். அந்தப் பக்கத்து மண் பிசின் போல வார்ப்பிரும்புக் கலப்பையில் ஒட்டிக்கொள்ளும், உழுகிறவர் நின்று நின்று சுரண்ட வேண்டும். அவர் உடைந்த ரம்பத்தின் எஃகை எடுத்து வளைத்து வழவழவென்று தீட்டினார், மண் தானாக வழுக்கி விழுந்தது. ஆக, உன் கத்திக்கும் கூர் மட்டும் போதாது, மண் படும் முகம் பளபளப்பாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி வை, ஒரு நாள் துரு பிடித்தாலும் மறுபடி மண் அப்பும்.

ரம்ப எஃகை அரைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனை. கையால் தொடமுடியாத சூடு வந்தால் நிறுத்து. விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, அவ்வளவையும் அரைத்துத் தள்ளிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

என்னிடம் ஒரு பழைய அறுவை ரம்பம் சும்மா கிடக்கிறது. கத்தியின் அகலம், இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், துளையின் விட்டம், மூன்றையும் அளந்து எழுது. தேய்ந்தால் மாற்றிக்கொள்ள ஒன்று கூடுதலாக, இரண்டாகவே வெட்டித் தீட்டி அனுப்புகிறேன். ஷாஃப்ட் உறை வாங்கி மாட்டியதும் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் அம்மா