தபால் செலவுக்கும் கமிஷன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தபால்தலைகளை இணைய ஏலத்தில் விற்பது பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். வண்ணப் படங்கள் எல்லாம் பிரமாதம். மூன்றாவது பத்தியில் ஒரு வரி வருகிறது: “கைபேசியில் படம் எடுத்து ஏற்றினால் போதும், சல்லிக்காசு செலவில்லாமல் உலகம் முழுக்க விற்கலாம்.” அந்த வரியை நான்கு தடவை படித்தேன். காபி ஆறுகிறது என்று வீட்டில் சத்தம் போட்டார்கள். ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தபால்தலை சேர்ப்பது எட்டாம் வகுப்பிலிருந்து. பையனுக்கு இதில் ஆர்வம் இல்லை, எனக்குக் கண் பார்வை மங்கிவருகிறது. அதனால் இரண்டு வருடமாக ஒவ்வொரு ஆல்பமாகப் பிரித்து விற்றுக்கொண்டிருக்கிறேன். சல்லிக்காசு செலவில்லை என்று எழுதியவர் ஒரே ஒரு தலையையாவது விற்றுப் பார்த்திருப்பாரா? தங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது.

சென்ற நவம்பரில் நடந்த ஒரு விற்பனையை மட்டும் சொல்கிறேன். 1949 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த தொல்லியல் வரிசை, மூன்று தம்பிடியிலிருந்து பதினைந்து ரூபாய் வரை மொத்தம் 16 தலைகள். இரண்டணாவில் நடராஜர், ஐந்து ரூபாயில் தாஜ்மகால், பதினைந்து ரூபாயில் பாலிதானா கோயில். எல்லாம் முத்திரை விழுந்தவைதான். ஆனால் முத்திரை ஓரமாக, முகத்தை மறைக்காமல் விழுந்தவை. ஓரத்துத் துளைகளுக்கு நடுவே நிற்கும் பல் ஒன்றுகூட உடையவில்லை, துருப்புள்ளி கிடையாது. அந்தப் பதினைந்து ரூபாய்த் தலை கைக்கு வர எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.

ஏலம் 2,400 ரூபாயில் முடிந்தது. வாங்கியவர் தபால் செலவுக்கென்று 60 ரூபாய் சேர்த்து 2,460 கட்டினார். இனி என் நோட்டில் உள்ளபடி எழுதுகிறேன். ஏலம் நடத்திய நிறுவனத்தின் கமிஷன் நூற்றுக்குப் பன்னிரண்டு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 348 ரூபாய் 34 காசு. பணத்தை வாங்கித் தந்ததற்கு இரண்டு சதவீதம், அதற்கும் ஜிஎஸ்டி, 58 ரூபாய் 6 காசு. பட்டியலில் மேலே காட்டுவதற்கு ஐந்து சதவீதம் (அதைக் கொடுக்காவிட்டால் நம் சரக்கு நாற்பதாம் பக்கத்தில் கிடக்கும், கடவுள்கூடத் தேடி வரமாட்டார்), வரியோடு 145 ரூபாய் 14 காசு. முதல் இரண்டு முறை யாருமே கேட்காததால் மூன்று முறை பட்டியலிட்டேன். முறைக்கு இருபது ரூபாய் வீதம் வரியோடு 70 ரூபாய் 80 காசு. முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கடையில் ஸ்கேன் எடுத்தது 60. அட்டையும் வெண்ணெய்த்தாள் உறையும் 18. ஸ்பீட் போஸ்ட் 61 ரூபாய் 36 காசு. எல்லாம் போக என் கையில் நின்றது 1,698 ரூபாய் 30 காசு. ஏலம் முடிந்த விலையில் நூற்றுக்கு இருபத்தொன்பது ரூபாய்க்கு மேல் கழிந்துவிட்டது. இதற்குத்தான் உங்கள் கட்டுரையில் சல்லிக்காசு என்று பெயர்.

இதில் என்னை மிகவும் வருத்தியது பெரிய தொகை இல்லை. அந்தப் பன்னிரண்டு சதவீதத்தை 2,400-க்குக் கணக்குப் போடவில்லை, 2,460-க்குப் போட்டார்கள். அதாவது தபால் ஆபீசுக்குப் போக வேண்டிய அறுபது ரூபாய்க்கும் கமிஷன்! அதில் ஒரு பைசாவை நான் தொடவில்லை, தொடவும் முடியாது, இன்னும் ஒரு ரூபாய் 36 காசு நானே போட்டுத்தான் அனுப்பினேன். அதற்கும் தரகு, தரகுக்கு வரி, எட்டரை ரூபாய். சங்கத்தில் நான் இப்படி ஒரு பற்று எழுதியிருந்தால் ஆடிட்டர் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பெரிய ஏலத் தளங்களில் இதுதான் வழக்கம் என்கிறார்கள். வழக்கம் என்றால் சரி என்று அர்த்தமா?

தபால் என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு ரெஜிஸ்டர் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். முப்பது ரூபாய்க்குள் ஒரு சின்ன உறையை ரெஜிஸ்டர் செய்து அனுப்பிய காலம் அதோடு போயிற்று. அக்டோபரில் வந்த புதிய கட்டணப்படி உள்ளூரைத் தாண்டினால் ஐம்பது கிராம் வரை 47 ரூபாய், பதிவுக்குத் தனியாக 5, எல்லாவற்றின்மேலும் ஜிஎஸ்டி. நூற்றைம்பது ரூபாய்க்குப் போகும் ஒரு தலையை அனுப்ப அறுபத்தொரு ரூபாய் என்றால் எவன் வாங்குவான்? எங்களைப் போன்றவர்கள் கைமாற்றிக்கொள்வதெல்லாம் இந்த நூறு, இருநூறு ரூபாய்ச் சரக்குதான். இது உங்கள் இதழில் ஒரு வரி செய்தியாகக்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை. போகட்டும், இப்போது அந்த உறையில் தபால்தலை ஒட்டவே கவுண்டரில் விடுவதில்லை, ஸ்டிக்கர்தான். தப்பித்தவறி ஒட்டவிட்டாலும் பால்பாயிண்ட் பேனாவால் குறுக்கே ஒரு கிறுக்கு. நாற்பது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றியது.

வெளிநாட்டு விற்பனையின் லட்சணத்தையும் கேளுங்கள். அதே 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் இருந்த ஒருவர் என்னிடம் மூன்று முதல்நாள் உறைகள் (தலை வெளிவந்த அன்றே அதை ஒட்டி முத்திரையிட்ட உறைகள்) எடுத்தார். அங்கே சுங்க விதி மாறியதால் நம் தபால் துறை ஆகஸ்ட் கடைசியிலேயே அந்த நாட்டுக்குத் தபாலை நிறுத்திவைத்திருந்தது, அக்டோபர் பாதியில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். ஏல நிறுவனத்துக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும் அந்த நாட்டு வாடிக்கையாளர் பணம் கட்டும் வரைக்கும் விட்டார்கள். நான் விற்பனையை ரத்து செய்தேன். பட்டியலிட்ட கட்டணம் திரும்ப வரவில்லை, ‘விற்பவர் ரத்து செய்தார்’ என்று என் பெயருக்குக் கீழே ஒரு கரும்புள்ளிதான் வந்தது.

கரும்புள்ளியைக்கூடத் துடைத்துவிடலாம். 1948-ல் வந்த காந்தி வரிசையின் பன்னிரண்டணா தலை, பின்பக்கப் பசை கலையாதது, ஒன்று விற்றேன். பத்தாவது நாள் ‘பசை சரியில்லை’ என்று திருப்பி அனுப்பினார் வாங்கியவர். உறையைப் பிரித்துப் பார்த்தால், நான் அனுப்பிய தலை இல்லை அது! என்னுடையதில் நான்கு பக்கமும் பல் முழுசு. வந்ததில் கீழ் வலது மூலையில் ஒரு பல் குட்டை. நான் எடுத்த ஸ்கேனையும் வந்த தலையின் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு மிக முக்கியம்’ என்று ஆறு பதில்கள் வந்தன, ஆறும் ஒரே வாசகம். எதிரில் பேசுவது ஆளா இயந்திரமா என்றே தெரியவில்லை. முடிவில் பணம் அவருக்குப் போயிற்று, குட்டைப் பல் காந்தி என்னிடம் இருக்கிறார். அந்த நஷ்டத்தைச் செலவில் சேர்ப்பதா வரவில் சேர்ப்பதா என்று கட்டுரையாளர் சொன்னால் எழுதிக்கொள்கிறேன்.

அதே காந்தி வரிசையைக் காட்டித்தான் கட்டுரையில் ஆசை மூட்டியிருக்கிறீர்கள். 2017-ல் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனது, உங்கள் பீரோவிலும் இருக்கலாம் என்று. இருக்காது ஐயா. அது கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலே அச்சடித்த பத்து ரூபாய்த் தலை, அதுவும் நான்கு தலை பிரியாமல் சேர்ந்த பட்டை. ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர் ஒருவருக்கு பிரிட்டனின் பழைய தபால்தலை நிறுவனம் ஒன்று நேரடியாக விற்றது. இணைய ஏலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கட்டுரை வந்த வாரமே எங்கள் தெருவில் இரண்டு பேர் தாத்தாவின் கடிதக் கட்டோடு என்னிடம் வந்துவிட்டார்கள். ஒருவர் உறைகளிலிருந்து தலைகளை ஏற்கெனவே கத்தரித்து வைத்திருந்தார். உறையோடு வைத்திருந்தால் ஏதாவது பெறும் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. சுதந்திர தினச் சிறப்பிதழ் ஒன்றில் சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை காந்தி தலை என்று போட்டிருந்தீர்கள். முதல் தலை 1947 நவம்பர் 21 அன்று வந்த மூன்றரையணா தேசியக் கொடி, ‘ஜெய்ஹிந்த்’ என்று அச்சிட்டது. காந்தி வந்தது அடுத்த ஆகஸ்டில். அதை எழுதி அனுப்பினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. நான் மேலே சொன்ன தொல்லியல் வரிசையில் ஒரு அணா போதிசத்துவரை முதலில் இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள், தெரியுமா? 1950-லேயே திருத்தி வெளியிட்டார்கள். அரசாங்க அச்சகத்தாலேயே முடிந்தது. உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு இதுவரை வந்த ஒரே கடிதம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல். அதிலும் தபால்தலை இல்லை.

இணைய ஏலமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தத் தொல்லியல் செட்டுக்கு வியாபாரி ஒருவர் ஆயிரத்து நூறுதான் கேட்டார். எல்லாப் பிடித்தமும் போக எனக்கு அதைவிட அறுநூறு ரூபாய் கூடத்தான் வந்தது. எங்கேயோ ராஜ்கோட்டில் இருக்கும் ஒருவருக்கு என் ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்று வேறு எந்த வழியில் தெரிந்திருக்கும்? முன்பு தபால்தலை சேகரிப்போர் சங்கக் கூட்டத்தில் மேசைமேல் பரப்பி வைப்போம், வாங்குகிறவர் டீ வாங்கித் தருவார், அதுதான் கமிஷன். அந்தக் கூட்டத்துக்கு இப்போது ஆறு பேர் வந்தால் அதிகம். ஆகவே ஏலத்தில்தான் விற்றாக வேண்டும், விற்கிறேன், அடுத்த மாதமும் விற்பேன். செலவே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

நான் கேட்பது ஒரு வரிதான். அடுத்த இதழில், எத்தனை சிறிய எழுத்திலானாலும் சரி, ‘கமிஷன், வரி, தபால் செலவு உண்டு, தபால் செலவுக்கும் கமிஷன் உண்டு’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். என் நோட்டின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருக்கிறேன், கட்டுரையாளரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். பதில் எழுத விரும்பினால் சுயவிலாசமிட்ட உறையும் உள்ளே இருக்கிறது. தலை நானே ஒட்டியிருக்கிறேன். அனுப்புகிற பையனிடம் அதன்மேல் ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இருபத்தாறு வருட சந்தாதாரர்,
கும்பகோணம்