இந்த முறை பஸ் பியே சாலைக்குப் போகட்டும்

யாங்கூன் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் நிர்வாகப் பெரியவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளின் சுற்றுலாவுக்கு இந்த வருஷமும் சீட்டு வந்திருக்கிறது. பஸ், புளியோதரைப் பொட்டலம், ஊருக்கு வெளியே ஒரு கோயில். நானும் சின்ன வயதில் அப்படிப் போனவள்தான், குறை சொல்லவில்லை. இந்த ஒரு முறை மட்டும் பஸ்ஸைப் பியே சாலையில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கு விடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

போன மாதம் மகளோடு காலையில் உள்ளே போனேன். ஐந்து மாடி. சாயங்காலம் இறங்கி வரும்போது எனக்குக் கால் வீங்கிவிட்டது, அவளுக்கு வாய் ஓயவில்லை.

பர்மிய எழுத்து வளர்ந்த கதையைச் சொல்லும் கூடத்தில்தான் அதிக நேரம் நின்றோம். பள்ளியில் அவள் படிக்கும் அரிச்சுவடியில் முதலில் நாலு 'க', ஐந்தாவது 'ங'. அடுத்து நாலு 'ச', பிறகு 'ஞ'. விரல் விட்டு எண்ணிப் பார்த்தவள், "அம்மா, நம்மளோடதும் இதே வரிசைதான், நடுவுல மூணு மூணா விட்டுட்டோம்" என்றாள். பர்மிய எழுத்தும் தென்னிந்தியாவிலிருந்து கிளைத்ததுதான் என்று சொன்னேன். ஒரு வருஷ வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்காததை அவளே கண்டுபிடித்துவிட்டாள்!

அப்புறம் சிங்காசனம். பர்மியர் இதைத் 'தீஹாதனா' என்பார்கள். நம்முடைய 'ச' அவர்கள் வாயில் 'த' ஆகிவிடும், அவ்வளவுதான். மண்டலே அரசர்களுக்கு அன்னம், யானை, சங்கு, வண்டு, மயில், மான், தாமரை என்று வகைவகையாக ஆசனங்கள் இருந்தன. 1945 போரில் அரண்மனை எரிந்தபோது எல்லாம் போயின. இது ஒன்று மட்டும் தப்பியது, ஏனென்றால் 1902இலேயே ஆங்கிலேயர் இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 1948இல் திரும்பி வந்தது. கொண்டுபோனதால் பிழைத்தது என்பதைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்று நான் தடுமாறினேன். 1885இல் பர்மாவின் கடைசி அரசரான தீபோ மன்னரைப் பிடித்து முதலில் சென்னைக்குத்தான் கொண்டுபோனார்கள் என்று சொன்னதும், "நம்ம ஊருக்கா?" என்று கேட்டாள். சென்னையை நானே பார்த்ததில்லை, இருந்தாலும் "ஆமா" என்றேன்.

அரச நகைகளும் பாத்திரங்களும் 1964இல் லண்டனிலிருந்து திரும்பியவை. அங்கே கூட்டம் அதிகம், சீக்கிரம் நகர்ந்துவிட்டோம்.

இனங்களின் உடைகள் இருந்த கூடத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. "நம்ம உடுப்பு எங்கேம்மா?" அரசு எண்ணும் 135 இனங்களில் தமிழர் இல்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? பர்மாவின் பழைய தலைநகரான பகானில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். 13ஆம் நூற்றாண்டுக் கல். மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதையர்பட்டணத்திலிருந்து வந்த ஒருவர், பகானில் நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, எரிய விளக்கும் கொடுத்திருக்கிறார். "நம்ம கோயில் சுவத்துல பேர் எழுதி வச்சிருக்காங்களே, அது மாதிரியா?" என்றாள். அதே மாதிரிதான்.

ஐயா, அந்தக் கல்வெட்டின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வகுப்புச் சுவரில் மாட்டுங்கள். சுற்றுலாவுக்கு முன்னால் ஒரு ஞாயிறு அதைப் பற்றிப் பேசிவிட்டு அழைத்துப் போனால், அந்தக் கேள்வி வரும்போது பிள்ளைகள் முழிக்க மாட்டார்கள். நாலு பக்கத்துக்குத் தமிழில் ஒரு குறிப்பும் வேண்டும். எழுதித் தர நான் தயார். அரை நாள் போதாது, முழு நாள் கொடுங்கள். மேல்மாடியை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். எழுத்துக் கூடத்துக்கு நானே கூட வருகிறேன்.

புளியோதரையை வழக்கம்போலக் கட்டச் சொல்லுங்கள். வெளியே வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்