மானாமதுரை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

பாம்பன், தங்கச்சிமடம் கரையோரம் பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் எல்லோர் சார்பாகவும் எழுதுகிறோம். கரண்டு இல்லாத அந்த நாட்களைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று ராத்திரிதான் விளக்கு எரிந்தது. இன்றே நன்றி சொல்லிவிடுகிறோம்.

அக்கா, எங்கள் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க, யாரும் கேட்காமலேயே பஸ்ஸில் பானைகளை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் இரண்டு விரல் கனத்துக்கு மணல், வாய்க்கு ஈரத்துணி. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றி, வெளியே வியர்க்கிறதா என்று காத்திருந்து, வியர்க்காததை ஒதுக்கினீர்கள். கடல் மணலை அள்ளப் போன பிள்ளைகளைத் தடுத்து, சாக்கில் கொண்டுவந்த ஆற்று மணலைக் கொட்டினீர்கள். உப்பு பானையின் துளைகளை அடைத்துவிடும். ஈரம் வெளியேறாமல் போனால் குளிர்ச்சி ஏது? அந்த ஒரு சாக்கு மணலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

கடற்காற்று ஈரமானது, உங்கள் ஊரில் குளிர்வதுபோல் இங்கே குளிராது. அதனால் பானையைத் திண்ணை நிழலில், காற்று படும் இடத்தில் வைத்தோம். காலையும் மாலையும் மணலுக்கு நல்ல தண்ணீர் விட்டோம். திறந்த பாட்டில் நான்கு வாரம் தாங்க அது போதும். மீன் ஐஸ் பெட்டியில் வைத்தவர்களின் மருந்துதான் உறைந்து வீணானது. உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நன்றாகவே இருக்கலாம், ஆனால் நம்பிப் போட முடியாது.

அரசு தரும் மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்லித்தான் தருகிறார்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு அந்த மருந்து பாதி வழிதான் வந்து சேர்கிறது. மீதி வழியைக் கடக்க வைத்தது நீங்கள்தான்.

நிவாரணப் பையில் வந்த 100 அளவு ஊசிகளை ஒதுக்கிவிட்டு, 40 அளவுப் பாட்டிலுக்கு (ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து) உரிய சிவப்பு மூடி ஊசியை மட்டும் தந்த செவிலியர் தங்கைக்கு நன்றி. மாற்றிப் போட்டிருந்தால் மருந்து பாதிக்கும் கீழே போயிருக்கும். பாட்டில்களில் திறந்த தேதியை எழுதி ஒட்டிய தன்னார்வலர்கள், 108 ஆம்புலன்ஸ் தம்பிகள், வள்ளத்தில் மருந்து கொண்டுவந்த அண்ணன்கள், குடிதண்ணீர் குடம் கொடுத்த வீடுகள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

ஐப்பசி மழைக்குள், பிரிட்ஜ் இல்லாமல் இன்சுலின் போடுகிறவர்களின் பெயர்களை வீடு வீடாக எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்போம். இரண்டு மூன்று பாட்டிலைச் சேர்த்துத் தராமல் ஒவ்வொன்றாகத் தரச் சொல்லிக் கேட்போம். மீதி அங்கேயே குளிரில் இருக்கட்டும்.

அக்கா, பானைகள் எங்களிடமே இருக்கின்றன. மணலை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்திருக்கிறோம்.